அறுந்த சிவப்புக் கோடு

நான்கு தோட்டாக்களை றெஜினா அன்ரி ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தபோது ஞாயிறு காலை ஒன்பது மணி. மூடியில் ஸ்ட்ராபெரி படம். உள்ளே டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய நான்கு பித்தளைத் துண்டுகள்.

"அன்ரி, இதுக்குப் பதிலா நாலு மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்திருக்கலாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான்கு நாட்களாகத் தூங்காத முகம் அது. என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்று அம்மா திருச்சியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

எங்கள் துப்பறியும் நிலையம் கனடாவில், வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருக்கிறது. கதவில் ரஸீன் என்ற பெயர் மட்டும்தான். ரஸீன் சார் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தேடிக் கண்டுபிடித்தவர். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். நான் அனுபமா. அவருக்குக் கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, யாரும் கேட்காதபோதும் கருத்துச் சொல்வது என் வேலை.

விஷயம் இதுதான். புதன்கிழமை மாலை, றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே இருக்கும் ஒரு துப்பாக்கி கிளப்பில், அன்ரியின் கணவர் நீக்கிலாஸ் பயிற்சியில் சுட்டுக்கொண்டிருந்தபோது கைத்துப்பாக்கி கையிலேயே வெடித்துவிட்டது. வலது கண் போய்விட்டது. இரண்டு விரல்கள் போய்விட்டன. மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

நீக்கிலாஸ் பன்னிரண்டு வருடமாகப் போட்டிகளில் சுடுகிறவர். தோட்டாவைத் தானே செய்துகொள்வார். சுட்ட பிறகு கீழே விழும் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, அடியில் பொறி கிளப்பும் புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்து போட்டு, தலையில் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடி தோட்டா. போட்டிக்காரர்கள் பலரும் இப்படித்தான். கடைத் தோட்டா எல்லோருக்கும் ஒரே உதை உதைக்கும். தன் கைக்கு ஏற்ற மெல்லிய உதை வேண்டும் என்றால் தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தானே செய்ய வேண்டியதுதான்.

"கிளப் கடிதம் அனுப்பியிருக்கு, அண்ணை" என்று அன்ரி ஒரு கவரை நீட்டினார். "மருந்தைக் கூடப் போட்டிட்டாராம். கவனயீனமாம். முப்பது வருசம் லேத்தில நிண்ட மனுசன். ஒரு நூலளவு பிசகினாலும் செய்த சாமானைத் தூக்கி எறிஞ்சுபோட்டுத் திருப்பிச் செய்யிறவர். அவரையோ கவனயீனம் எண்டினம்?"

"அவர் என்ன சொல்லுறார்?" என்றார் ரஸீன் சார்.

"அதுதான் எனக்கு விளங்கேல்ல. ஆம்புலன்ஸிலயே சொல்லிப்போட்டார். என்ர ரவைதான், என்ர பிழைதான் எண்டு. பொலிசுக்கும் அதையே சொன்னவர். பிறகு வாயே திறக்கேல்ல. பேசாமல் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்."

நாங்கள் தோட்டா என்பதை இவர்கள் ரவை என்பார்கள். துப்பாக்கி இவர்களுக்குத் துவக்கு. ஒரு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

"துவக்கு, பெட்டியள் எல்லாம்?"

"வீட்டில இருந்த எல்லா ரவைப் பெட்டியையும் பொலிஸ் கொண்டு போட்டுது. கிளப்புக்குக் கொண்டுபோன பையை மட்டும் திருப்பித் தந்தினம். அதின்ர பக்கப் பைக்குள்ள இந்த நாலும் கிடந்தது. வெடிச்ச நேரம் நிலத்தில சிதறினதை ஆரோ அள்ளிப் போட்டிருக்கினம்."

"மகள்?"

"வேரோனிக்கா இண்டைக்கும் அந்தக் கிளப்புக்குத்தான் போட்டாள். மாகாண அணிக்கு ஆள் எடுக்கிற மட்ச். வேண்டாம் பிள்ளை எண்டு காலில விழாக் குறையாச் சொன்னன். அப்பான்ர பேர் இப்பிடிக் கிடக்க நான் வீட்டில இருக்கமாட்டன் எண்டு போட்டாள்."

ரஸீன் சார் ஒரு தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். பித்தளை வட்டத்தின் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு சிவப்புக் கோடு. நான்கிலும் அதே சிவப்பு.

"கோதை அடையாளம் பிடிக்கக் கீறுறவை, என்ன? அவர்ட நிறம்?"

"பச்சை."

"அப்ப சிவப்பு ஆர்?"

அன்ரியின் முகம் மாறியது. அதுவரை அவர் அந்த நிறத்தைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். "றொய்சன்" என்றார் மெதுவாக. "இவரோட சுடுற கூட்டாளி."

* * *

அன்ரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு தெரு தள்ளி மிதுனனின் வீட்டுக்குப் போனோம். புதன்கிழமை பயிற்சியில் டைமர் பிடித்தவர் அவர். நேரம் தொடங்க ஒரு பீப் கொடுத்து, ஒவ்வொரு வெடியையும் பதிவு செய்யும் கருவி அது. முப்பத்தைந்து வயதுக்காரர், கட்டிட எலக்ட்ரீஷியன். மனைவி மேலே இட்லி அவிக்கிறார், இவர் கீழே தோட்டா அவிக்கிறார். நிலவறை முழுக்கக் கோது ஜாடிகள். ஊறுகாய்க் கடை மாதிரி அடுக்கியிருந்தார்.

"றொய்சனும் நீக்கிலாஸ் அண்ணையும் இரண்டாயிரத்துப் பத்தொன்பதில ஒரே நாளில ஒரே மாதிரித் துவக்கு வாங்கினவை" என்றார் மிதுனன். "ஒருத்தற்ற ரவை அடுக்கிற மகசீன் மற்றவர்ட துவக்குக்குப் பொருந்தும். அதாலதான் இவ்வளவும். புதன்கிழமை நீக்கிலாஸ் அண்ணை கடைசிச் சுற்றுக்குப் போகேக்க அவற்ற மகசீன் சேத்துக்குள்ள விழுந்திட்டுது. றொய்சன் பக்கத்தில நிண்டவர். இந்தா அண்ணை எண்டு தன்ர மகசீனைக் கையில வச்சார். அடுத்தவன் செய்த ரவையைச் சுடக்கூடாது எண்டிறதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஆனா எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம், பீப் அடிக்கப்போகுது, வாங்கிப் போட்டார்."

"அப்ப வெடிச்சது றொய்சன்ர ரவை."

"இல்லை எண்டு நீக்கிலாஸ் அண்ணையே சொன்னவரெல்லோ. மகசீனில ஒண்டு குறைஞ்சு கிடந்ததாம். தன்ர பச்சை ரவை ஒண்டை மேல வச்சு அமத்தினாராம். அந்த ஒண்டுதான் வெடிச்சதாம்."

ரஸீன் சார் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். "டைமரில எத்தினை வெடி பதிஞ்சிருக்கு?"

"ஆறு. அஞ்சு சரி. ஆறாவது தான்..." மிதுனன் முடிக்கவில்லை.

"மகசீனுக்குள்ள எத்தினை போடலாம்?"

"கனடாவில பத்துக்கு மேல சட்டமில்லை."

நான் டப்பாவைப் பார்த்தேன். ஆறு போனால் நான்கு. நான்கும் இங்கேதான் இருக்கின்றன.

"மேல வச்சு அமத்தினது எப்ப வெளிய வரும், அனு?"

"சார், தோசை அடுக்கி வச்ச தட்டு மாதிரி. மேல போட்ட தோசைதான் முதல்ல போகும்."

"முதலாவது ஒழுங்கா வெடிச்சிருக்கு. ஆறாவதுதான் பிழைச்சது. அது நடுவில இருந்த றொய்சன்ர ரவை. அப்ப மனுசன் பொய் சொல்லியிருக்கிறார்."

மிதுனன் விளக்கை இழுத்து நான்கு தோட்டாக்களையும் அதன் கீழே தலைகீழாக நிறுத்தினார். சற்று நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

நானும் குனிந்தேன். தோட்டாவின் அடியில் நடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதுதான் பிரைமர். மூன்று தோட்டாக்களில் சிவப்புக் கோடு இந்த ஓரத்திலிருந்து பொட்டின் மேலாக ஓடி அந்த ஓரம் வரை போயிருந்தது. நான்காவதில் கோடு பொட்டின் விளிம்பில் நின்று, பொட்டைத் தாண்டி மறுபடி தொடங்கியது. பொட்டு மட்டும் பளபளவென்று சுத்தமாக இருந்தது.

"கோடு கீறுறது கடைசி வேலை" என்றார் மிதுனன். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "கோதைக் கழுவேக்க பழைய கோடு போயிடும். புது பிறைமர் போட்டு, மருந்து போட்டு, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திருப்பிக் கீறுவம். அப்ப கோடு பிறைமருக்கு மேலயும் விழும். இதில கோடு பழசு, பிறைமர் புதுசு. றொய்சன் சுட்டு எறிஞ்ச கோதை ஆரோ பொறுக்கியிருக்கினம். சிவப்பு அழியக்கூடாதெண்டு கழுவாமல் விட்டிருக்கினம்."

"றொய்சன்ர பெட்டிக்குள்ள வச்சா றொய்சன்ர ரவை மாதிரியே கிடக்கும்" என்றார் ரஸீன் சார்.

"ஓம். மேலோட்டமாப் பாத்தா பிடிக்கேலாது."

மிதுனன் அந்தத் தோட்டாவை குண்டைக் கழற்றுவதற்கென்றே உள்ள ஒரு பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் பொருத்தித் தரையில் மூன்று தரம் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் ஒரு படி பின்னால் போனேன். மூன்றாவது தட்டில் குண்டு கழன்றது. உள்ளே இருந்த மருந்தைத் தட்டில் கொட்டினார். விரலால் பரப்பினார், தராசில் எடை போட்டார். காகிதத்தில் ஏதோ எழுதி அடித்தார்.

"றொய்சன் பாவிக்கிற மருந்தே இல்லை இது. அளவும்... அண்ணை, இது கை தவறிப் போட்டதில்லை. இருந்து கணக்குப் பாத்துப் போட்டது."

"ஆளைக் கொல்லவோ?"

"அப்பிடித் தெரியேல்ல. துவக்கை உடைக்க." மிதுனன் நெற்றியைத் துடைத்தார். "இரண்டாயிரத்து இருபத்திரண்டில சட்டம் வந்த பிறகு எங்களைப்போல ஆக்கள் புதுக் கைத்துவக்கு வாங்கேலாது. இருக்கிறதை வச்சுச் சுடவேண்டியதுதான். துவக்குப் போனா அந்த ஆளின்ர கதை முடிஞ்சுது, போட்டிப் பக்கமே வரேலாது. ஆரோ நினைச்சிருக்கினம், துவக்கு மட்டும் பிளக்கும், கைக்கு ஒண்டும் வராது எண்டு. வெடி உங்கட கணக்கைக் கேட்டே நடக்கும்?"

இதுவரை எத்தனையோ மோசடி வழக்கு பார்த்துவிட்டேன். அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைத் தொடப் பிடிக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். யாரோ ஒருவர் ஒரு விளக்கின் கீழே அமைதியாக உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்னொருவனுக்காக இதை அளந்திருக்கிறார்.

"வெடிச்சது ஒண்டு, இது ரெண்டு. றொய்சன்ர பெட்டியில இன்னும் இருக்கலாம்" என்றார் ரஸீன் சார். "அவரைக் கூப்பிடுங்கோ."

மிதுனன் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. "சுடுற இடத்துக்குப் போனைக் கொண்டுபோகேலாது, காருக்குள்ள வச்சிட்டுப் போவினம். ஆனா பயப்பிடாதேங்கோ. றொய்சன் இண்டைக்குச் சுடேல்ல. நீக்கிலாஸ் அண்ணை எழும்பி வரும் வரைக்கும் தான் துவக்கைத் தொடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். இண்டைக்கு அவர் டைமர் பிடிக்கிறார்."

ரஸீன் சார் பெருமூச்சு விட்டார். "அப்ப நேரம் இருக்கு. கிளப் ஒபிஸ் நம்பரைத் தாங்கோ தம்பி."

ரஸீன் சார் தப்பே செய்யாதவர் என்று நான் எங்கும் எழுதியதில்லை. நேரம் இருக்கு என்று சொன்னதுதான் அன்று அவர் செய்த தப்பு. எனக்கும் தோன்றவில்லை என்பதால் அதில் பாதி என்னுடையது.

* * *

ஆஸ்பத்திரிக்குக் காரில் கிளம்பினோம். சிக்னலில் நின்றபோது ரஸீன் சார் கேட்டார்.

"அனு, ஒரு மனுசன் தான் செய்யாத பிழையைத் தன்ர பிழை எண்டு ஏன் சொல்லுவான்?"

"வீட்ல சண்டை வேண்டாம்னு. எங்கப்பா தினமும் ரெண்டு தடவை சொல்வார்."

"பொலிசிட்ட? கண்ணும் போய், விரலும் போய்க் கிடக்கேக்க?"

"றொய்சனைக் காப்பாத்தவா இருக்கும். ஃப்ரெண்டாச்சே."

"இரண்டு வருசமா றொய்சன் முதலாவது, இவர் ரெண்டாவது. ஒவ்வொரு மட்சிலயும். மிதுனன்ர சுவரில படம் தொங்கினதைப் பாத்தனீரே? எல்லாப் படத்திலயும் நீக்கிலாஸ் றொய்சன்ர தோளைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார். கமராவைப் பாக்கேல்ல."

பச்சை விழுந்தது. நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

"சார், அப்போ..."

"என்ர ரவையில்லை எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, பொலிஸ் நேர றொய்சன்ர பெட்டியைத்தான் திறந்திருக்கும். திறக்கக்கூடாது எண்டு ஆர் நினைப்பினம்?"

அதற்கு மேல் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

* * *

ஆஸ்பத்திரியில் நாங்கள் நான்காவது மாடிக்கு ஏறியபோது பதினொன்று ஐந்து. நீக்கிலாஸ் பெரிய உடம்புக்காரர். பாதி முகம் கட்டுக்குள். வலது கை துணிப்பந்து மாதிரி நெஞ்சின் மேல் கிடந்தது. இருந்த ஒற்றைக் கண் எங்களைப் பார்த்துவிட்டுக் கூரைக்குத் திரும்பியது. றெஜினா அன்ரி கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் வெளிய இருக்கிறீங்களே?" என்றார் ரஸீன் சார்.

"எனக்குத் தெரியக்கூடாதது ஒண்டும் இல்லை அண்ணை. அவர்ட பேரைத் திருப்பி எடுக்கத்தானே உங்களிட்ட வந்தனான். நான் இருக்கிறன்."

ரஸீன் சார் ஒரு கணம் தயங்கினார். பிறகு காலியான அந்தக் கோதைப் போர்வையின் மேல், நீக்கிலாஸின் நல்ல கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கோடு நடுவில அறுந்திருக்கு" என்றார். "வடிவாச் செய்திருக்கிறியள். எல்லாத்தையும் யோசிச்சியள். பிறைமர் புதுசு எண்டதை மட்டும் மறந்துபோனியள்."

ஒற்றைக் கண் கோதைப் பார்த்தது. மனிதர் மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. அன்ரியின் கத்தி பழத்தோலில் பாதி வழியில் நின்றது.

"என்ன கதைக்கிறீங்கள் அண்ணை?"

"றொய்சன்ர ரவைப் பெட்டி திறந்திருந்த நேரம் பாத்து உள்ளுக்கு வச்சிருக்கிறார். றொய்சன்ர துவக்கு உடையவேணும், அவ்வளவுதான். ஆனா றொய்சன் அந்த மகசீனையே இவரிட்டக் குடுத்திட்டார்." ரஸீன் சார் அன்ரியிடம் சொன்னாலும் கண் நீக்கிலாஸ் மேலேயே இருந்தது. "நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். மொத்தம் எத்தினை செய்தனீங்கள்? அவசரமில்லை. றொய்சன் இண்டைக்குச் சுடேல்ல. ஆனா அந்தப் பெட்டியைப் பொலிசிட்டக் குடுக்க முதல் எனக்குத் தெரியவேணும்."

நீக்கிலாஸின் தோள் தளர்ந்தது. றொய்சன் சுடவில்லை என்றதும் அவர் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியதை நான் பார்த்தேன். அந்த நிம்மதியே ஒரு வாக்குமூலம்தான்.

அன்ரிதான் பேசினார். கணவரைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது போல அவசரமாகப் பேசினார். "அண்ணை, நீங்கள் பிழையா விளங்கிக்கொண்டியள். றொய்சனுக்கும் இவருக்கும் ஒரு கோவமும் இல்லை. எங்கட பெட்டி எல்லாத்தையும் பொலிஸ் கொண்டுபோக வேரோவிட்ட ஒரு ரவையும் இல்லை. கடை ரவை அவளுக்குக் கை பழகாது எண்டு, றொய்சன்தான் வெள்ளிக்கிழமை வீட்டை வந்து தன்ர பெட்டியை அவளிட்டக் குடுத்தவர். பிழை தன்ர எண்டு உன்ர அப்பாவே சொல்லிப்போட்டார், என்ர ரவை நல்ல ரவை பிள்ளை, பயப்பிடாமல் சுடு எண்டவர். அப்பிடிப்பட்ட மனுசனுக்கு இவர்..."

"எந்தப் பெட்டி?"

அது நீக்கிலாஸின் குரல். துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது.

"என்ன?"

"எந்தப் பெட்டி, றெஜினா. நீலமோ, கறுப்போ?"

"நீலம். புதன்கிழமை கொண்டுவந்ததாம். பத்துத்தான் குறையுது எண்டவர்."

நீக்கிலாஸ் எழுந்திருக்கப் பார்த்தார். கையில் குத்தியிருந்த குழாய் இழுபட்டு ஏதோ ஒரு கருவி கத்தத் தொடங்கியது. "எத்தினை மணி? எத்தினை மணிக்கு அவளின்ர முறை?"

"பதினொண்டேகாலுக்கு" என்றார் அன்ரி. அவர் குரலில் இப்போது உயிரில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினாலு.

"மூண்டு" என்றார் நீக்கிலாஸ். "மூண்டு செய்தனான். பக்கத்தில பக்கத்தில வச்சனான். பத்துப் பத்தா அடுக்கியிருந்ததில ரெண்டு முதல் வரிசையில, மூண்டாவது அடுத்த வரிசையில. அவள் முதல் நிரப்புற மகசீனுக்குள்ள அது வரும். கூப்பிடுங்கோ. ஐயோ, ஆரும் கூப்பிடுங்கோ."

நான் ஏற்கெனவே டயல் செய்துகொண்டிருந்தேன். விரல் இரண்டு தடவை தவறான எண்ணில் விழுந்தது. ஐந்தாவது மணியில் கிளப் அலுவலகத்தில் ஒரு கிழவர் எடுத்தார். வெள்ளைக்காரர், நிதானமான ஆள். நான் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே நினைவில்லை. வேரோனிக்கா, நிறுத்துங்கள், தோட்டா கெட்டது, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரேடியோவை எடுக்கிறேன் என்றார். ரிசீவரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அலுவலகத்தின் ஜன்னல் திறந்திருந்திருக்க வேண்டும். தூரத்தில் ஒரு பீப். உடனே வெடி.

ஒன்று. இரண்டு. சேர்ந்தாற்போல.

கிழவர் ரேடியோவில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. கரகரப்பு. பதில் இல்லை.

மூன்று, நான்கு. அவள் அப்பாவிடம் கற்றவள், தாளம் தப்பாமல் சுடுகிறாள். ஐந்து.

நீக்கிலாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அன்ரி மூடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார், கையில் கத்தியோடு.

ஆறு. ஏழு.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. எட்டுக்காகக் காத்திருந்தேன். ஒரு நர்ஸ் உள்ளே ஓடிவந்து கத்திக்கொண்டிருந்த கருவியை அணைத்தாள், எங்கள் முகங்களைப் பார்த்து அப்படியே நின்றாள். ரஸீன் சார் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தார். இருபது வருடம் அடுத்தவர் பொய்யை மோப்பம் பிடித்தவருக்கு, அந்த நிமிடம் தன் கெட்டித்தனத்தின் மேலேயே வெறுப்பு வந்திருக்கும். வந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கும் சத்தம்.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? நான் றொய்சன். ரேடியோவில ஸ்டொப் எண்டிச்சினம், நிப்பாட்டிப்போட்டன். என்ன விசயம்?"

"பிள்ளை?" என்றார் அன்ரி.

"நல்லா நிக்கிறாள் அக்கா. ஒண்டும் நடக்கேல்ல. இங்க எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறாள்."

ரஸீன் சார் போனுக்குக் குனிந்தார். "றொய்சன், துவக்கில மிஞ்சினதைக் கழட்டினீங்களே? அடியைப் பாருங்கோ. சிவப்புக் கோடு பிறைமருக்கு மேலால போகுதோ எண்டு பாருங்கோ."

"கையிலதான் வச்சிருக்கிறன்." பித்தளை உரசும் சத்தம். "துவக்குக்குள்ள ஏறி நிண்டது சரி. அதுக்கு அடுத்தது... இது என்ன இது, கோடு நடுவில இல்லையே. நான் இப்பிடிக் கீறுறேல்ல. ஆர் செய்தது இது?"

இன்னும் ஒரு வெடி போயிருந்தால் அதற்கு அடுத்தது அது.

அன்ரி கத்தியைத் தட்டில் வைத்தார். பழத்தையும் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "துவக்கு மட்டும் உடையும் எண்டு நினைச்சியளோ?" என்று கணவரைக் கேட்டார். சத்தமில்லாமல்தான் கேட்டார்.

"ஓம்."

"அப்ப அவர் மகசீனை நீட்டேக்க ஏன் வாங்கினியள்?"

நீக்கிலாஸின் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் கண்ணீர் வழிந்தது. "எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. வேண்டாம் எண்டா ஏன் எண்டு கேப்பினம். எந்த வரிசையில இருந்து நிரப்பினாரோ தெரியாது, நூறில மூண்டுதானே, இந்தப் பத்துக்குள்ள வராது எண்டு நினைச்சன்."

"பிறகு என்ர பிழை எண்டு சொன்னது, அவர் அந்தப் பெட்டியைச் சுடட்டும் எண்டு."

"இல்லை. அகப்படக்கூடாது எண்டு. மிச்சத்தை யோசிக்கேல்ல. அவள் எடுப்பாள் எண்டு... றெஜினா, சத்தியமா யோசிக்கேல்ல."

இந்தக் கையால் முப்பது வருடம் நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைந்திருக்கிறார். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் உணர முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போனில் இடம் மாறும் சத்தம். பிறகு ஒரு இளம் குரல், ஓடி வந்த களைப்போடு.

"அம்மா, அப்பா பக்கத்தில இருக்கிறாரா? அப்பா? றொய்சன் அங்கிள் சொல்றார், ஹொஸ்பிட்டல்ல இருந்துதான் கோல் வந்ததாம். ஓ மை கோட், நீங்கதான் சொன்னீங்களா? நான் ஒவ்வொண்டா செக் பண்ணித்தான் போட்டனான், எனக்கே தெரியேல்ல." ஒரு சிரிப்பு, பாதி அழுகை. "அப்பா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நீக்கிலாஸின் ஒற்றைக் கண் ரஸீன் சாரிடம் வந்தது, பிறகு என்னிடம். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா?"

றெஜினா அன்ரி என் கையிலிருந்து போனை எடுத்தார். அதைக் கணவரின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், தலையணையில் வைத்தார்.

"சொல்லுங்கோ" என்றார். "பிள்ளை கேக்கிறாள்."